கத்தியைக் காட்டினது யாரு? ஏழு வருஷத்தை முடிவு பண்ணும் ஒரு வினைச்சொல்

எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம் இது. காதால் கேட்டால் மட்டுமே பொருந்தும் இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

செய்தித்தாள்ல நீங்க நூறு தடவையாவது கடந்து போயிருக்கக்கூடிய ஒரு வாக்கியத்துல இருந்து இன்னைக்கு ஆரம்பிக்கலாம். "பைக்கில் வந்த மூன்று பேர், கத்தியைக் காட்டி மிரட்டி, செயினைப் பறித்துக்கொண்டு தப்பிச் சென்றனர்."

படிக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. இப்ப ஒரு கேள்வி கேட்கிறேன். கத்தியைக் காட்டினது யாரு? மூணு பேருமா? கத்தி ஒண்ணுதானே இருந்தது?

நம்ம தமிழ்ல கடைசியில 'சென்றனர்'னு ஒரு பன்மை போட்டு முடிச்சா, அதுக்கு முன்னாடி வர்ற 'காட்டி', 'மிரட்டி', 'பறித்து' எல்லாமே மூணு பேர் கணக்குல போய்ச் சேர்ந்துடும். செய்திக்கு அது போதும். கோர்ட்டுக்குப் போதாது. அந்தக் 'காட்டி' யாரோட வேலைன்னு பார்த்துத்தான் ஒருத்தருக்குக் குறைஞ்சது ஏழு வருஷம், பக்கத்துல நின்னவருக்கு அதைவிடக் கம்மியாகக்கூட இருக்கலாம்னு சட்டம் பிரிக்குது. ஆயுதம் வந்துட்டா தண்டனை எப்படிக் கூடுது, அந்தக் கூடுதல் தண்டனை மேல்முறையீட்டுல ஏன் பல நேரம் நிக்காமப் போகுது, இதுதான் இன்னைக்கு விஷயம்.

வழக்கமா சொல்றதை முதல்லயே சொல்லிடுறேன். இது சட்டத்தைப் புரிஞ்சுக்கிறதுக்கான உரையாடல். உங்க வழக்குக்கு ஆலோசனை வேணும்னா ஒரு வழக்கறிஞரைத்தான் பார்க்கணும்.

கூரை பத்து, தரை ஏழு

முதல்ல எண்கள். 2024 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., அமல்ல இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்த குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம், ஐ.பி.சி.தான். அதனால உயர் நீதிமன்றங்கள்ல இப்ப நடக்கிற நிறைய மேல்முறையீடுகள் இன்னமும் ஐ.பி.சி. எண்கள்லதான் ஓடுது. நான் ரெண்டு எண்ணையும் சொல்றேன், குழப்பம் வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாம பர்ஸை உருவினா அது திருட்டு. உயிருக்கோ உடம்புக்கோ இப்பவே ஆபத்துன்னு பயமுறுத்திப் பறிச்சா அது வழிப்பறி. அதையே அஞ்சு பேரோ அதுக்கு மேலேயோ சேர்ந்து செஞ்சா கூட்டுக்கொள்ளை. கவனிங்க, ஆயுதம் இல்லாமலே வழிப்பறி முழுசா நடந்துடும். கையை முறுக்கினாலே போதும்.

வழிப்பறிக்கு ஐ.பி.சி. 392, பி.என்.எஸ்.ல 309-ஆவது பிரிவோட 4-ஆவது உட்பிரிவு. அதிகபட்சம் 10 வருஷம் கடுங்காவல். சூரியன் மறைஞ்சதுக்கும் உதிக்கிறதுக்கும் நடுவுல நெடுஞ்சாலையில நடந்தா 14 வருஷம் வரைக்கும் போகலாம். 1860-ல எழுதின சட்டம் இல்லையா, இருட்டுல மாட்டு வண்டியில போற பயணி அதுக்குள்ள இன்னும் உக்காந்திருக்கார். இங்க முக்கியமான விஷயம் என்னன்னா, இதுக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. நீதிபதி ஒரு வருஷமும் தரலாம், பத்து வருஷமும் தரலாம். கூரை இருக்கு, தரை இல்லை.

இப்ப ஐ.பி.சி. 397 வருது. பி.என்.எஸ்.ல இதுவே 311. வழிப்பறியோ கூட்டுக்கொள்ளையோ செய்யும் நேரத்தில் 'அந்தக் குற்றவாளி' ஏதாவது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால், அல்லது யாருக்காவது கொடுங்காயம் விளைவித்தால், அல்லது கொல்லவோ கொடுங்காயப்படுத்தவோ முயன்றால், அவருக்கான சிறைத்தண்டனை ஏழு ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. பிரிவோட சாரம் இவ்வளவுதான்.

இது தனியா ஒரு புதுக் குற்றம் கிடையாது. '397 குற்றம் செய்தார்'னு பேச்சுக்குச் சொல்லிக்கலாம், ஆனா நீதிமன்றங்கள் இதை ஏற்கனவே நிரூபிக்கப்பட்ட வழிப்பறிக்கு ஒரு தரை போடுற பிரிவாத்தான் பார்க்குது. அதனாலதான் தீர்ப்புகள்ல '392 உடன் இணைத்துப் படிக்கப்படும் 397'னு வரும். நிறைய பேர் நினைக்கிற மாதிரி பத்தும் ஏழும் சேர்ந்து பதினேழு ஆகாது. பத்துங்கிற கூரைக்குக் கீழ ஏழுன்னு ஒரு தரை வருது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான்னு சொல்லிட்டேன், ஆனா நடைமுறையில அது பெரிய வித்தியாசம். வெறும் 392-ன்னா முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விசாரிக்கலாம். அவரோட சொந்த அதிகாரத்துல தரக்கூடிய சிறைத்தண்டனை அதிகபட்சம் 3 வருஷம். 397 சேர்ந்துட்டா வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போயிடும், அங்க குற்றம் நிரூபணமானா ஏழுக்குக் கீழ இறங்கவே முடியாது. எஃப்.ஐ.ஆர்.ல ஒரு எண் கூடுதலா ஏறினதுக்கு இவ்வளவு கனம்.

கொடிய ஆயுதம்னா எது?

சட்டத்துல இதுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும்னு நீங்க எதிர்பார்ப்பீங்க. கிடையாது. 397-ல 'கொடிய ஆயுதம்'னு மட்டும்தான் இருக்கு. எது கொடியதுன்னு ஒவ்வொரு வழக்குலயும் நீதிமன்றம்தான் பார்க்கணும்.

பக்கத்துல இருக்கிற இன்னொரு ஜோடிப் பிரிவைப் பார்த்தா இந்தச் சிக்கல் புரியும். ஒருத்தரை அடிச்சுக் காயப்படுத்துறது ஐ.பி.சி. 323. அதையே அபாயகரமான ஆயுதத்தால செஞ்சா 324. கொடுங்காயம்னா 325, அது ஆயுதத்தால வந்திருந்தா 326. பி.என்.எஸ்.ல ஆயுதம் சம்பந்தப்பட்ட ரெண்டும் 118-ஆவது பிரிவுக்குள்ள வந்துடுச்சு. இங்கயும் ஆயுதம் வந்தா தண்டனை ஒரு படி ஏறும். 325-க்கு அதிகபட்சம் 7 வருஷம்னா, 326-க்கு ஆயுள் வரைக்கும் போகலாம். சுடுறது, குத்துறது, வெட்டுறதுக்கான கருவி, தீ, விஷம், வெடிபொருள், ஏன், ஏவிவிட்ட விலங்குகூட இந்தப் பட்டியல்ல இருக்கு.

பல் இருக்கா? சிரிக்காதீங்க, இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி. கடிச்சுக் கொடுங்காயம் ஏற்படுத்தின ஒரு டெல்லி வழக்குல, மனுஷனோட பல் அந்தப் பிரிவு சொல்ற ஆயுதம் ஆகாதுன்னு 2004-ல தீர்ப்பு. 326 போய் 325 ஆச்சு. கேரளாவுல இருந்து போன இன்னொரு வழக்குல ஆயுதம் ஒரு கல். கல் எல்லாமே ஆயுதம்னும் சொல்ல முடியாது, எந்தக் கல்லும் ஆயுதம் இல்லைன்னும் சொல்ல முடியாது, அளவு, கூர்மை, பயன்படுத்தின விதம் எல்லாத்தையும் பார்க்கணும்னு 2005-ல சொன்னாங்க. அங்கயும் 326 போய் 325 ஆச்சு.

இதை அப்படியே வழிப்பறிக்குக் கொண்டு வாங்க. கத்தின்னா எந்தக் கத்தி? ஆப்பிள் நறுக்குற கத்தியும் கத்தி, பட்டாக்கத்தியும் கத்தி. போலீஸ் அதைக் கைப்பற்றி, பறிமுதல் மகஜர் எழுதி, கோர்ட்ல காட்டி, பறிகொடுத்தவர் 'இதுதான்'னு சொன்னா பிரச்சினை இல்லை. கத்தியே கிடைக்கலைன்னா? டெல்லி உயர் நீதிமன்றத்தோட சில தீர்ப்புகள், கத்தி கிடைக்காததால அது கொடிய ஆயுதம்னு நிரூபணமாகலைன்னு சொல்லி 397-ஐ எடுத்துவிட்டிருக்கு. வேற தீர்ப்புகள், சாட்சி நம்பும்படியா தெளிவா வர்ணிச்சா போதும்னு சொல்லியிருக்கு. ஆக, கத்தி எவ்வளவு நீளம், மடக்குற கத்தியா, பிடி என்ன நிறம்னு சாட்சி கூண்டுல நடக்கிற குறுக்கு விசாரணை பார்க்கிறவங்களுக்குச் சலிப்பா இருக்கும். அங்கதான் ஏழு வருஷம் தொங்கிட்டிருக்கு.

'பயன்படுத்துறது'ன்னா குத்தணுமா?

அடுத்தது வினைச்சொல். கத்தி கையில இருந்தது, ஆனா யாரையும் கீறலை. துப்பாக்கி இருந்தது, சுடலை. இது பயன்படுத்தினதா ஆகுமா?

இதுக்கு 1975-ல உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்தான் இன்னைக்கு வரைக்கும் அடித்தளம். பூல் குமார் எதிர் டெல்லி நிர்வாகம்னு வழக்கு. டெல்லியில ஒரு பெட்ரோல் பங்க்ல நடந்த வழிப்பறி. ஒருத்தர் கையில கத்தி, இன்னொருத்தர் கையில சின்னத் துப்பாக்கி. கத்தி வச்சிருந்தவரோட வாதம் என்னன்னா, நான் கத்தியை வச்சிருந்தேன், அவ்வளவுதான், அதை வச்சு ஒண்ணும் பண்ணலை, அப்புறம் எப்படிப் பயன்படுத்தினதா ஆகும்?

கேட்கிறதுக்குச் சரியாத்தான் இருக்கு. இதுக்கு ஒரு பலமான துணையும் இருந்தது. பக்கத்துப் பிரிவு 398-ஐப் பாருங்க. வழிப்பறிக்கு முயற்சி மட்டும் பண்ணி, அது நிறைவேறலைன்னா, அந்த நேரத்துல கொடிய ஆயுதத்தோட இருந்தாலே குறைந்தபட்சம் ஏழு வருஷம். அங்க 'ஆயுதம் தரித்திருந்தால்'னு இருக்கு. 397-ல 'பயன்படுத்தினால்'னு இருக்கு. ரெண்டு வேற சொல் போட்டிருக்காங்கன்னா ரெண்டு வேற அர்த்தம்தானே?

நீதிமன்றம் ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தது. தரை ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஏழு வருஷம். 'பயன்படுத்துறது'ன்னா குத்தினாத்தான்னு எடுத்துக்கிட்டா, கத்தியோட வந்து தோத்துப்போனவனுக்குக் கட்டாயம் ஏழு, கத்தியைக் காட்டி ஜெயிச்சவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லைன்னு ஆயிடும். அது கோணலா இருக்கு. அதோட, கொடுங்காயம் ஏற்படுத்துறதுக்கு 397-லயே தனி இடம் இருக்கு. குத்தினாத்தான் 'பயன்படுத்துறது'ன்னா அந்தச் சொல்லுக்கு வேலையே இருக்காது. அதனால, பறிகொடுக்கிறவரோட கண்ணுக்குப் படுற மாதிரி, அவர் மனசுல பயம் வர்ற மாதிரி ஆயுதத்தைக் கையில வச்சிருந்தாலே அது பயன்படுத்தினதுதான்னு முடிவாச்சு.

யோசிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் படுது. வழிப்பறியில கத்தியோட வேலையே பயமுறுத்துறதுதான். நீங்க அதைப் பார்த்து பர்ஸைக் கொடுத்த நொடியிலயே கத்தி அதோட வேலையை முடிச்சிடுச்சு. 2000-களோட தொடக்கத்துல வந்த அஷ்ஃபாக் வழக்கு, 2021 டிசம்பர்ல மூணு நீதிபதிகள் அமர்வு தந்த ராம் ரத்தன் வழக்குத் தீர்ப்பு, எல்லாம் இதே வழியிலதான் போகுது. சுட வேண்டிய அவசியம் இல்லை, குத்த வேண்டிய அவசியம் இல்லை.

இதோட மறுபக்கத்தையும் கவனிங்க. கத்தி இடுப்புல சொருகியிருந்தது, நீங்க பார்க்கவே இல்லை, பிடிச்சதுக்கு அப்புறம் போலீஸ் சோதனையிலதான் கிடைச்சதுன்னா, அது உங்களைப் பயமுறுத்தலை. அப்ப 397-ல சொல்ற பயன்பாடு நடக்கலை. கத்தி நிஜம், வழிப்பறி நிஜம், ஆனா தரை இல்லை. ஆயுதம் இருந்ததான்னு கேட்கிறதோட நிக்காம, பாதிக்கப்பட்டவரோட கண்ணுக்கும் மனசுக்கும் அது போய்ச் சேர்ந்ததான்னும் கேட்கணும்.

ஒரு கத்தி, மூணு பேர்

இப்ப நம்ம ட்ரிபிள்ஸ் பைக்குக்கு வருவோம். ஒருத்தன் வண்டி ஓட்டினான். நடுவுல இருந்தவன் இறங்கி செயினைப் பிடுங்கினான். பின்னாடி இருந்தவன் கத்தியை நீட்டினான். திட்டம் ஒண்ணு, வண்டி ஒண்ணு, பங்கும் சமம். மூணு பேரும் வழிப்பறிக் குற்றவாளிகள், சந்தேகமே இல்லை. பொதுவான எண்ணத்தோட சேர்ந்து செஞ்சா எல்லாருக்கும் பொறுப்புன்னு ஐ.பி.சி. 34 சொல்லுது.

ஏழு வருஷத் தரையும் மூணு பேருக்குமா?

இல்லை. அதே 1975 தீர்ப்பு இதையும் சொல்லிடுச்சு. 397-ல இருக்கிற 'அந்தக் குற்றவாளி' யாருன்னா, ஆயுதத்தைப் பயன்படுத்தின அந்த ஒரு ஆள் மட்டும்தான். ஒருத்தர் கையில இருந்த கத்தியை இன்னொருத்தர் தலையில கட்ட முடியாது.

இது நீதிமன்றம் இரக்கப்பட்டுக் கண்டுபிடிச்ச சலுகையான்னு சிலருக்குத் தோணலாம். சட்டத்தோட அடுத்தடுத்த பிரிவுகளைப் படிச்சா அப்படி இல்லைன்னு தெரியும். 394-ல, வழிப்பறியில ஒருத்தர் காயம் ஏற்படுத்தினா, அவருக்கும் அவரோட சேர்ந்து செய்த மத்தவங்களுக்கும் தண்டனைன்னு தெளிவா எழுதியிருக்காங்க. 396-ல, கூட்டுக்கொள்ளையில ஒருத்தர் கொலை செஞ்சா அந்தக் கூட்டத்துல இருந்த ஒவ்வொருத்தரும் பொறுப்புன்னு எழுதியிருக்காங்க. எல்லாரையும் சேர்க்கணும்னா எப்படி எழுதணும்னு அந்தச் சட்டத்தை எழுதினவங்களுக்கு நல்லாத் தெரியும். 397-ல அப்படி எழுதலை.

இதுக்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கு. சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன கணேசன் வழக்கு, 2021 அக்டோபர்ல தீர்ப்பு. ஒரு கூட்டுக்கொள்ளை வழக்கு. ஆயுதத்தைப் பயன்படுத்தினதா சொல்லப்பட்டவர் தலைமறைவு. விசாரணையில நின்னவங்க மத்தவங்க. அவங்களுக்கு 397-ன்படி தண்டனை ஆயிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. ஆயுதம் அவங்க கையில இருந்ததா குற்றச்சாட்டே இல்லையே, அப்புறம் 397 எப்படிப் பொருந்தும்?

அதே தீர்ப்புல இன்னொரு வாதம் தோத்துப்போச்சு. விசாரணைக்கு வந்தது அஞ்சு பேருக்குக் கம்மி, அதனால இது கூட்டுக்கொள்ளையே இல்லைன்னு சொல்லிப் பார்த்தாங்க. செய்தவங்க அஞ்சு பேர்னு நிரூபணமானா போதும், ரெண்டு பேர் ஓடிப்போனதால எண்ணிக்கை குறையாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. தலைமறைவா இருக்கிறவர் தலை எண்ணும்போது கணக்குல வருவார், அவர் கையில இருந்த ஆயுதம் மத்தவங்க கணக்குல வராது. கூட்டுக்கொள்ளைக் குற்றம் நின்னது, 397 விழுந்தது.

அமெரிக்காவுல இதே சொல் பட்ட பாடு

இதே 'பயன்படுத்துறது'ங்கிற ஒரு சொல்லை வச்சுக்கிட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வருஷக்கணக்கா மல்லுக்கட்டியிருக்கு. நம்ம முறை எங்க வித்தியாசப்படுதுன்னு பார்க்க அது உதவும்.

அங்க மத்திய அரசோட சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. வன்முறைக் குற்றத்துலயோ போதைப்பொருள் கடத்தல்லயோ துப்பாக்கியைப் பயன்படுத்தினா, அந்தக் குற்றத்துக்கான தண்டனை முடிஞ்சதுக்கு அப்புறம், தனியா குறைஞ்சது 5 வருஷம். இங்க தரை, அங்க கூடுதல் மாடி. துப்பாக்கியை நீட்டிக் காட்டினா 7, சுட்டா 10.

1993-ல ஸ்மித் வழக்கு. ஒருத்தர் துப்பாக்கியைக் கொடுத்து கொக்கெய்ன் வாங்கப் பார்த்தார். துப்பாக்கியைப் பண்டமாற்றுப் பொருளா நீட்டினதும் பயன்படுத்தினதுதான்னு ஆறுக்கு மூணுன்னு தீர்ப்பு. நீதிபதி ஸ்காலியா ஒத்துக்கலை. கைத்தடி பயன்படுத்துறீங்களான்னு ஒருத்தரைக் கேட்டா, அதை ஊன்றி நடக்கிறாரான்னுதான் கேட்கிறோம், தாத்தாவோட தடியை வரவேற்பறையில அலங்காரமா வச்சிருக்காரான்னு கேட்கலை, இதுதான் அவரோட வாதத்தோட சாரம். ரெண்டே வருஷம் கழிச்சு 1995-ல பெய்லி வழக்குல, துப்பாக்கியைச் செயல்ல இறக்கியிருந்தாத்தான் பயன்படுத்தினது, சும்மா பக்கத்துல இருந்தா போதாதுன்னு எல்லா நீதிபதிகளும் ஒருமனதா சொன்னாங்க. உடனே 1998-ல அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, குற்றத்துக்குத் துணையா துப்பாக்கியை வச்சிருந்தாலே போதும்னு சேர்த்துச்சு. 2007-ல இன்னொரு வழக்கு. போதைப்பொருளைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினவர் அதைப் பயன்படுத்தினவர் ஆகமாட்டார். கொடுத்தா பயன்பாடு, வாங்கினா இல்லை!

2013-ல அலெய்ன் வழக்குல இன்னும் அடிப்படையான ஒண்ணு வந்தது. தரையை உயர்த்துற எந்த உண்மையா இருந்தாலும், உதாரணத்துக்குத் துப்பாக்கியை நீட்டிக் காட்டினாரான்னு, அதை ஜூரிதான் சந்தேகத்துக்கு இடமில்லாம முடிவு பண்ணணும், நீதிபதி தனியா முடிவு பண்ண முடியாதுன்னு சொன்னாங்க. நம்மகிட்ட ஜூரி இல்லை. ஆனா கொள்கை நமக்கும் பொருந்தும். ஏழு வருஷத்தைக் கொண்டு வர்ற உண்மையும் குற்றம் மாதிரியே நிரூபிக்கப்படணும், ஊகத்துல வரக் கூடாது.

மேல்முறையீட்டுல என்னதான் நடக்குது?

தரை இருக்கிற வழக்குல மேல்முறையீடு வித்தியாசமா இருக்கும். சாதாரணமா தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடும்போது என்ன சொல்வாங்க? வயசு 21, முதல் குற்றம், வீட்டுல அம்மா மட்டும்தான், பணமும் திரும்பக் கிடைச்சிடுச்சு. நீதிபதி இதையெல்லாம் எடை போட்டுப் பார்ப்பார். 397 நிக்கிற வரைக்கும் இந்த வாதம் எதுவும் ஏழுக்குக் கீழ கொண்டு போகாது. சட்டம் குறைந்தபட்சம்னு எழுதியிருந்தா நீதிமன்றம் அதுக்குக் கீழ இறங்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019-ல, வேற ஒரு சட்டத்தைப் பத்தின மத்தியப் பிரதேச வழக்கு ஒண்ணுல, திரும்பவும் அழுத்திச் சொல்லியிருக்கு.

அதனால இரக்கத்துக்கான வாதம் வேற உடுப்பு மாட்டிக்கிட்டு வருது. 'குறைச்சுக் கொடுங்க'ன்னு கேட்க வழி இல்லாததால 'இந்தப் பிரிவே பொருந்தாது'ன்னு கேட்கிறாங்க. ஆயுதம் கொடியதுதானா? அது இந்த ஆளோட கையில இருந்ததா? பறிகொடுத்தவர் பார்த்தாரா? எல்லாம் நிரூபணமாச்சா? இந்த நாலுல ஒண்ணு ஆட்டம் கண்டாலும் 397 கழன்று 392 மட்டும் மிஞ்சும். அதுக்கப்புறம்தான் வயசும் அம்மாவும் பேச்சுக்குள்ள வருவாங்க.

இந்த மாதிரி தரைகள் நீதிபதியோட கையைக் கட்டிப்போடுதுன்னு ஒரு விமர்சனம் ரொம்ப நாளா இருக்கு. அதோட உச்சம் ஆயுதச் சட்டத்துல இருந்தது. தடை செய்யப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தி உயிர் போனா, 27-ஆவது பிரிவோட 3-ஆவது உட்பிரிவுப்படி மரண தண்டனை ஒண்ணுதான். வேற எதையும் தர நீதிபதிக்கு வழியே இல்லை. 2012 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு எதிரானதுன்னு ரத்து பண்ணுச்சு. 397-ஓட ஏழு வருஷத்துக்கு அப்படி நடக்கலை. அதுல தரைக்கு மேல நீதிபதிக்கு இன்னமும் இடம் இருக்கு.

நீங்க அனுப்பின கேள்விகள்

'மேல்முறையீடு போனா இருக்கிற தண்டனை இன்னும் கூடிடுமா?' நிறைய பேர் இந்தப் பயத்துலயே மேல்முறையீட்டை யோசிக்கிறாங்க. குற்றவாளி மட்டும் போட்ட மேல்முறையீட்டுல அந்த நீதிமன்றம் தண்டனையைக் கூட்டக் கூடாதுன்னு குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே இருக்கு, புதுச் சட்டத்துலயும் அப்படியே. மதுரைக் கிளையில இருந்து போன ஒரு வழக்குல 2025 ஜூன்ல உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பச் சொல்லியிருக்கு. அரசோ பாதிக்கப்பட்டவரோ கேட்காதபோது, உயர் நீதிமன்றம் தானா முன்வந்து முறையீடு செய்தவரோட நிலைமையை இன்னும் மோசமாக்க முடியாது. ஆனா தண்டனை போதாதுன்னு அரசு தனியா முறையீடு பண்ணா கூட வாய்ப்பு உண்டு. அப்பவும் குற்றவாளியோட தரப்பைக் கேட்காமக் கூட்ட முடியாது.

'செயினைப் பறிகொடுத்தவங்க, தண்டனை பத்தலைன்னு மேல்முறையீடு போடலாமா?' விடுதலையை எதிர்த்துப் போடலாம், சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டிச்சதை எதிர்த்துப் போடலாம், இழப்பீடு போதலைன்னு போடலாம். வருஷம் கம்மின்னு மட்டும் சொல்லி அவங்களால போட முடியாது, அது அரசோட உரிமைன்னு 2020-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

'பொம்மைத் துப்பாக்கின்னா?' வழிப்பறி கண்டிப்பா நிக்கும், ஏன்னா உங்களுக்கு வந்த பயம் நிஜம். 397 நிக்கிறது கஷ்டம், ஏன்னா அந்தப் பிரிவு கேட்கிறது பயத்தோட சேர்த்து ஒரு கொடிய ஆயுதம். பிளாஸ்டிக் அப்படி ஆகிறதுக்கு நிறைய விளக்கம் வேணும்.

புகார்ல ஒருமை முக்கியம்

கடைசியா, இது உங்களுக்கோ உங்க வீட்டுல யாருக்கோ நடந்து, ஸ்டேஷன்ல உக்காந்து புகார் எழுதும்போது ஞாபகம் வரவேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தப் பதட்டத்துல யாருமே 'மூணு பேர் வந்தாங்க, கத்தியைக் காட்டினாங்க, பிடுங்கிட்டுப் போயிட்டாங்க'ன்னுதான் சொல்வோம். அதுதான் இயல்பு. எழுதுறவரும் அப்படியே எழுதிடுவார். அஞ்சாறு வருஷம் கழிச்சு உயர் நீதிமன்றத்துல அந்தக் 'காட்டினாங்க'வை ரெண்டு தரப்பும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. அரசுத் தரப்பு மூணு பேர் மேலயும் போடப் பார்க்கும், எதிர்த்தரப்பு யார் மேலயும் நிக்கலைன்னு சொல்லும். கத்தியைத் தொடாத பையன் ஏழு வருஷம் உள்ள போறதுக்கும், நிஜமாவே கத்தியை நீட்டினவன் தப்பிக்கிறதுக்கும் அந்த ஒரே பன்மை காரணமாகலாம்.

தெரிஞ்சதை மட்டும், தெரிஞ்ச அளவுக்குப் பிரிச்சுச் சொல்லுங்க. வண்டி ஓட்டினவன் இறங்கலை. சிவப்புச் சட்டை போட்டவன் கத்தியை எடுத்தான். கத்தி என் கை நீளம் இருக்கும், பிடி கறுப்பு. இன்னொருத்தன் கழுத்துல கை வச்சான். தெரியலைன்னா தெரியலைன்னே எழுதச் சொல்லுங்க, ஊகத்துல நிரப்ப வேண்டாம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 'காட்டினர்'னு இருந்தா, யாருன்னு கேளுங்க.